லிஃப்ட்காரரின் ஐந்தாவது கட்டம்

லிஃப்ட் கதவு மூடத் தொடங்கியதும் லிஃப்ட்காரர் காதை அதன் மேல் ஒட்டவைத்துக்கொள்வார். பின்னால் நாங்கள் நான்கைந்து பேர் நசுங்கிக்கொண்டிருப்போம். ஐந்தாவது மாடி வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "ரோலர் தேஞ்சிருக்கு. ரெண்டு மாசம் தாங்கும். என்னை மாதிரி இல்ல."

ஐந்தாவது மாடியில், பல் மருத்துவருக்கும் தையல் மெஷின் கடைக்காரரின் கிடங்குக்கும் நடுவில், எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட அறை. புதன்கிழமை மாலைகளில் அங்கே கூடுகிறோம். அவர் குடியை விட வந்தவர், நான் சிகரெட்டை. அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் இருக்கும். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னால் கைக்கு முதலில் வருவது டெஸ்டர்தான். அதன் முனையைத் தாளில் வைத்துவிட்டு அசடு வழிவார்.

லிஃப்ட் கம்பெனியொன்றில் மெக்கானிக் அவர். ஒருநாள் போதையில் ஒன்பது மாடிக் கட்டடமொன்றின் லிஃப்டை நிறுத்தி, மோட்டார் அறையைப் பூட்டி, சாவியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் மதியம் வரை அந்தக் கட்டடமே படியேறியது. கம்பெனி சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கிடங்கில் உட்காரவைத்துவிட்டது. பன்னிரண்டு வாரம் தொடர்ந்து குடிக்கவில்லை என்று எங்கள் சிகிச்சையாளர் மேடம் கடிதம் கொடுத்தால்தான் சாவி திரும்பக் கிடைக்கும். "இருபத்தாறு வருஷம் மேலயும் கீழயும் போனவன் தம்பி. இப்ப தரையில உக்காந்து நட்டு எண்றேன். அதுவும் தப்பா வருது."

மேடத்தின் வைத்தியத்தில் மாத்திரை கிடையாது, தாள்தான். ஆசை வரும்போது என்ன நடந்தது, என்ன தோன்றியது, அப்படித் தோன்றியதற்கு என்ன ஆதாரம், பிறகு என்ன செய்தோம் என்று நாள்தோறும் நான்கு கட்டங்களில் எழுத வேண்டும். முதல் வாரம் ஆதாரக் கட்டத்தில், கவிதை எழுதுகிற நான் "அந்தி" என்று எழுதியிருந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தி எப்படிப்பா ஆதாரமாகும்? நேரா எழுது. வரியையும் மடக்க வேணாம்."

லிஃப்ட்காரரின் தாளில் "குடித்தால்தான் கை நடுங்காது" என்று எண்ணம் இருந்தது. பக்கத்தில் ஆதாரம்: "குடிக்கவில்லை. நடுங்கியது. பதினொரு மணிக்குத் தானாக நின்றது." மூன்று வருடமாக நான் எழுத முயன்றுகொண்டிருந்த வரி அதுதான்.

ஆசை ஓர் அலை, எழும், தணியும் என்றார் மேடம். அலையைப் பற்றி ஏற்கெனவே பதினொரு கவிதை எழுதியிருந்ததால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார். "லிஃப்டுன்னு வச்சுக்கலாமா மேடம்? ஒன்பதாவது மாடி வரைக்கும் ஏறும். நாம பட்டனை அமுக்காம நின்னா, அதுவே கீழ வந்து நின்னுடும்." அன்றிலிருந்து எங்கள் எல்லோருடைய ஆசைக்கும் மாடிக் கணக்குதான்.

தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டத்தை அவரே ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் சர்வீஸ் கார்டில் வாடிக்கையாளர் கையொப்பத்துக்கு இடம் இருக்கும் இல்லையா, அது. இதில் வாடிக்கையாளர் அவர் மனைவி.

ஏழாவது வாரம் அந்த அம்மாளே வந்துவிட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தாளை மேடத்திடம் நீட்டினார். வியாழன், வெள்ளி, சனி எல்லாம் நிரம்பியிருந்தன. "இரண்டாம் மாடி. குடிக்கவில்லை. நார்மல்."

"சனிக்கிழமை என்ன தோணும்னு புதன்கிழமையே எழுதிட்டாரு மேடம். ஜோசியம் படிச்சதை எங்கிட்ட சொல்லவேயில்ல."

"தொழில் பழக்கம்மா" என்றார் அவர். "சர்வீஸ் கார்டை மொத்தமாத்தான் எழுதுவோம். அதுக்குன்னு மோட்டார் ரூமுக்கு யாரு தினமும் ஏறுவா?"

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழு நாளையும் சற்று முன்தான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதி முடித்த என் தாளை நான்காக மடித்துக்கொண்டே.

மனைவி சிரிக்கவில்லை. "போன சனிக்கிழமையும் நார்மல்னுதான் எழுதி வச்சிருந்தீங்க. நார்மலாவா வந்தீங்க?"

அவர் மேசையிலிருந்த ஃபைலைப் பிரித்தார். போன வாரத் தாளைத் தேடி எடுத்து, பேனாவை டெஸ்டர்போல இரண்டு விரலில் பிடித்து, சனிக்கிழமையை அடித்தார். மேலே சிறிய எழுத்தில் எழுதினார். "கிடங்கில் சாவிக்கொத்தைப் பார்த்தேன். இனிமேல் தரமாட்டார்கள் என்று தோன்றியது. ஆதாரம் இல்லை. குடித்தேன், இரண்டு."

"அப்ப திரும்ப ஒண்ணுலேர்ந்தா மேடம்?" என்று கேட்டார்.

"கம்பெனிக் கணக்குக்கு ஆமா. ஆனா எனக்கு இதுதான் நீங்க கொடுத்த முதல் தாள்."

மனைவி பேனாவை வாங்கி ஐந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "இதுக்குப் போடலாம்."

அவர் புதுத் தாள் எடுத்தார். "முதல் வாரம்" என்று எழுதினார். புதனுக்கு நேரே, "ஒன்பதாவது மாடி. நின்றுகொண்டிருக்கிறேன்." பேனா வழக்கம்போல வியாழனுக்கு இறங்கியது, தாளைத் தொடாமல் நின்றது. பேனாவை மூடி மனைவியின் கைப்பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு காதை ஜிப்பின் அருகே கொண்டுபோய் அதை ஒருமுறை திறந்து, மெதுவாக, கடைசி வரை மூடிப் பார்த்தார்.