நடுவீட்டில் கழுதைத் தடம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், புளுகுகிறான் என்பீர்கள்.

போடிமெட்டிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் கழுதைகளின் பின்னால் நானும் கூட்டாளி முத்துவும் போடிக்குள் நுழைகிறோம். ஊருக்குள் அகலமாகப் புதுத் தெரு போட்டிருக்கிறார்கள். கழுதைகள் அதைச் சட்டை செய்யவில்லை. பழைய தடத்திலேயே நடந்து, அதன்மேல் எழும்பியிருக்கும் புது வீட்டுக்குள் வரிசையாகப் போகின்றன.

வாசலில் வீட்டுக்காரர் வேர்த்து நிற்கிறார்.

"என்னண்ணே, விருந்தாளிகளா?" என்கிறேன்.

"சும்மா இரு அப்பு. கதவைச் சாத்துனா இதுக நகர மாட்டேங்குது. அதான் நேருக்கு நேரா பின்வாசலும் வச்சேன். இன்னைக்குப் பாத்து மகளைப் பொண்ணு பாக்க வந்திருக்காக. சம்பந்தம் போச்சு!"

எட்டிப் பார்க்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் பணியாரத்தோடு சுவரில் ஒட்டி நிற்க, நடுக்கூடத்தில் கழுதைகள் போகின்றன. கடைசிக் கழுதை நின்று, மாப்பிள்ளை கையிலிருந்த பணியாரத்தைத் தின்றுவிட்டுப் போகிறது.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமுகிறார். "கழுதைக்கே வழி விட்ட மனுசன், எம் மகனை வெரட்டவா போறீக? வெத்தல பாக்கு மாத்துவோம்."

எனக்கும் ஆசை வருகிறது. முத்துவின் காதில் கேட்கிறேன்: "மாப்ளே, இங்க இன்னொரு பொண்ணு இருந்தா எனக்குக் கேக்கலாமா?"

முத்து சொல்கிறான்: "உள்ள போய்க் கேளுடா, பின்வாசல் தொறந்துதான் இருக்கு."