‘நவ்’வா, ‘நாட்’டா

உமாமகேஸ்வரி அத்தைக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டு வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். முதுகைக் காட்டியபடி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான்காவது முறை உள்ளே போய்த் தோளைத் தொட்டதும் கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஏட்டி மஞ்சு, இப்பிடியா வருவ?"

"நாலு தடவ கூப்பிட்டேன் அத்தை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "குக்கர் சத்தத்துல கேட்டிருக்காது" என்றார். அடுப்பில் குக்கரே இல்லை.

அத்தை எங்களுக்கு உறவில்லை. லோதி ரோட்டு அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீடு. பாளையங்கோட்டையில் சுருக்கெழுத்துப் படித்து, இருபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி, ஒரு டிரங்குப் பெட்டியோடு தில்லிக்கு வந்தவர். முப்பத்துநான்கு வருடமாக அதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதுகிறார். எத்தனையோ பேர் வந்தார்கள், மாறிப் போனார்கள். அத்தையின் நாற்காலி மட்டும் அதே இடத்தில் இருந்தது. நடந்தே ஆபீஸ் போவார், நடந்தே வருவார். கைப்பையில் எப்போதும் சீவிய பென்சில் நான்கு இருக்கும்.

நான் இரண்டரை வருடம் ஊர் சுற்றிவிட்டு அந்த மாதம்தான் திரும்பியிருந்தேன். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஒரு நாளைக்கு ஐந்து முறை கீழே இறங்குவேன். அதனால்தான் எனக்குத் தெரிந்தது. இல்லாவிட்டால் வங்கி வேலைக்கு ஜனக்புரி வரை போய்வரும் அவர் கணவர் தட்சிணாமூர்த்தி மாமாவைப் போல, நானும் அத்தைக்கு அழுத்தம் கூடிவிட்டது, வேண்டுமென்றே பதில் சொல்வதில்லை என்றே நினைத்திருப்பேன்.

கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வருசமா இருக்குட்டி. பேசுறது கேக்கு. ஆனா சொல்லு முடியுத எடம் கேக்கல. ஸ, த, ட எல்லாம் காத்துல போயிருது. டாக்டர்ட்ட தனியா போய்க் காட்டினேன். காது மிஷின் போடுங்கன்னுட்டாரு."

"போட வேண்டியதுதானே?"

"ஜெயராம் சாருன்னு ஒருத்தர் எங்க ஆபீஸ்ல. என்னவிட நல்லா எழுதுவாரு. மிஷின் மாட்டிக்கிட்டு வந்தாரு. ஒரே மாசம். கீழ ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிட்டானுவ. சம்பளம் எல்லாம் குறைக்கல. ஆனா அதுக்கப்புறம் ஒருத்தனும் அவர ஒரு வரி எழுதச் சொல்லல." கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டார். "எனக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு. அந்த ரூம்ல என்னால இருக்க முடியாது."

வரும் வெள்ளிக்கிழமை பெரிய கூட்டம். புதிதாக வந்திருக்கும் இணைச் செயலர் ஹரிஷங்கர் தணிந்த குரலில் பேசுபவர், அதையும் வாயருகே கையை வைத்துக்கொண்டு பேசுபவர். கூட்டக் குறிப்பு எழுத வேண்டியது அத்தை. போன மாதத்தில் இரண்டு முறை அத்தையின் குறிப்பைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவது முறை தப்பினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் தெரிந்துவிடும்.

பயணத்தில் சேர்ந்த சாமான்களில் என்னிடம் மூன்று ஜோடி இயர்பட்ஸ் இருந்தன. என் போனில் ஒரு வசதியும் இருந்தது. போனைப் பேசுகிறவர் பக்கத்தில் வைத்தால், அது கேட்பதையெல்லாம் காதிலுள்ள பட்ஸுக்கு அனுப்பும். விஷயத்தைச் சொன்னதும் அத்தை முதலில் கேட்டது, "பாத்தா மிஷின் மாதிரி இருக்காதே?"

"இத எல்லாரும் மாட்டிட்டுத்தான் திரியுறாங்க அத்தை. பாட்டுக் கேக்குறீங்கன்னு நினைப்பாங்க."

"அம்பத்தாறு வயசுல பாட்டா? அச்சா, நினைச்சிட்டுப் போறான்."

திங்கட்கிழமை தொடங்கினோம். நான் சமையலறையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தைத் தணிந்த குரலில் வாசிப்பேன். அத்தை படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு சுருக்கெழுத்தில் எழுதுவார். கடைகளிலும் இணையத்திலும் ஒலித்தரம் என்று ஏதேதோ எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அந்த நோட்டுதான் அளவுகோல். சுருக்கெழுத்தில் காதில் விழும் ஒலிதான் கோடாகிறது. மெல்லிய கோடு என்றால் ஒரு ஒலி, அதையே அழுத்திப் போட்டால் வேறு ஒலி. ஒரு கோட்டைப் பாதியாகக் குறுக்கினால் அதன் முடிவில் ஒரு ‘ட்’ சேர்ந்துவிடும். காது கோட்டைவிட்டதைப் பென்சில் மறைக்காது.

முதல் ஜோடி வெள்ளை, நீளக் காம்பு உள்ளது, ரப்பர் முனை கிடையாது. காதில் சுகமாக உட்கார்ந்தது, விழவும் இல்லை. ஆனால் காதுக்குள் இடைவெளி விட்டதால் மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் "பழைய பேப்பர்" என்று கூவுகிறவனின் குரலும் சேர்ந்தே வந்தன. என் குரல் அடியில் மெலிந்து கிடந்தது.

இரண்டாவது கறுப்பு, உருண்டை. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி. பேருந்துப் பயணங்களில் மத்தள ஒலி நெஞ்சில் வந்து விழும். அத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு வெளியே வந்து நோட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ என்ன அண்டாவுக்குள்ள உக்காந்தா வாசிக்க? எல்லாம் ‘ங்ஙூ’ன்னு வருது. ஒரு ‘ஸ’ இல்ல, ஒரு ‘ட’ இல்ல."

"அதோட பேஸ், அந்த அடிச்சத்தம், ரொம்பப் பிரபலம் அத்தை."

"அதப் பிரபலமாவே வச்சிக்க. எனக்கு வேண்டாம்."

மூன்றாவது சாம்பல் நிறம், சின்னது. மூன்று அளவில் ரப்பர் முனைகள் உண்டு. ஒலி எடுப்பாக இருக்காது என்று நான் ஒதுக்கிவைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எழுதிய பக்கத்தில் நான்கே தப்பு. அத்தை அந்தப் பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

ஆனால் அது காதில் நிற்கவில்லை. எழுதக் குனிந்ததும் வலது காதில் இருந்தது மெத்தையில் விழுந்தது. பெரிய முனை போட்டால் பத்து நிமிடத்தில் காது வலித்தது. சின்ன முனை போட்டால் ஒலி கசிந்து, கறுப்பு ஜோடியைவிட மோசமானது. காதை அடைத்து உட்கார்ந்தால்தான் அந்தக் கூர்மை வருகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. செவ்வாயும் புதனும் இதிலேயே போயின. வியாழன் மாலை, இரண்டு காதுக்கும் ஒரே அளவு போட வேண்டும் என்று யார் சொன்னது என்று அத்தை கேட்டார். வலதுக்கு நடு முனை, இடதுக்குச் சின்னது. குனிந்தார், தலையை ஆட்டினார், அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்தார். விழவில்லை. முழுத் தலையங்கத்தையும் எழுதி எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை.

போனை அவரிடமே கொடுத்தேன். "காதுல அழுத்தித் தட்டாதீங்க. தட்டினா நின்னுரும். திரும்ப ஒரு தட்டு தட்டணும்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை அவரை அனுப்பிவைக்க இறங்கியபோது வாசலில் சீயக்காய் மணம். அத்தை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைக் காது மறையத் தளரப் பின்னியிருந்தார். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அவருக்குத் தில்லியின் எந்தக் குளிரிலும் தப்பாது. உச்சிக்கு ஒரு கை, இரண்டு காதுக்கும் இரண்டிரண்டு சொட்டு. எனக்கும் அது உறைக்கவில்லை. நல்ல நாளில் நல்லபடியாகக் கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன்.

இனி நடந்தது அவர் சொல்லக் கேட்டது.

கூட்ட அறைக்குப் போகும் வழியில் முத்தம்மா நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தப் பணிப்பெண்கள் நாற்பத்திரண்டு பேரில் ஒருவர், விழுப்புரத்துப் பக்கம்.

"யக்கா, இன்னிக்கு எங்க விஷயம் வருதாமே. இருக்கச் சொல்றாங்களா, போவச் சொல்றாங்களா, வந்து சொல்லுக்கா."

"சொல்லுதேன்" என்று அத்தை உள்ளே போனார்.

மேசையில் ஹரிஷங்கரின் கோப்புகளுக்குப் பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார். காதில் பட்ஸ். முதல் மூன்று விஷயங்கள் கண்ணாடி போலக் கேட்டன. ஒரு வருடமாகக் கேட்காத ‘ஸ’க்களும் ‘ட’க்களும் வந்து விழுந்தன. எழுத எழுத உடம்பு லேசானது போலிருந்தது என்றார்.

நான்காவது விஷயத்தில் வலது காதில் ஏதோ நகர்ந்தது. வழுக்கியது. அப்போதுதான் அத்தைக்கு எண்ணெய் நினைவு வந்தது. கூந்தலைச் சரிசெய்வது போல விரலால் உள்ளே தள்ளினார். தள்ளியதே தட்டாகிவிட்டது. ஒலி நின்றது. மறுபடி தட்டினார், வந்தது. ஐந்தாவது விஷயத்தில் மறுபடி வழுக்கல், மறுபடி தள்ளல், மறுபடி மௌனம். எதிரே இருந்த துணைச் செயலர் ராமமூர்த்தி பார்க்கத் தொடங்கினார். அவரும் தமிழர்தான். தில்லியில் பிறந்தவர்.

"என்ன மேடம்," என்றார் தணிந்த குரலில், "மீட்டிங் நடுவுல கானா கேக்கறீங்களா?"

பக்கத்தில் இருவர் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவைத்தார்.

ஏழாவது விஷயம் துப்புரவு ஒப்பந்தம். நீட்டிக்கலாம் என்று சிலர், வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சிலர். கால் மணி நேரம் இரண்டு பக்கமும் பேசினார்கள். ஹரிஷங்கர் முடிவைச் சொல்ல வாய் திறந்த நேரம் வலது காதிலிருந்து பட்ஸ் நழுவி, நோட்டின் மேல் விழுந்து, மேசையில் உருண்டது. ஒன்று கழன்றால் மற்றதிலும் ஒலி ஒரு கணம் விட்டுப்போகும். இடது காதுக்கு வந்தது பாதி வாக்கியம்.

தற்போதைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படும், அல்லது நீட்டிக்கப்படாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சின்னச் சொல்தான் வேறு. ‘நவ்’ என்றால் இப்போது நீட்டிக்கப்படும், அந்தப் பெண்கள் இருக்கலாம். ‘நாட்’ என்றால் போகலாம். அத்தைக்கு ‘நா’ வரைக்கும்தான் கேட்டது. பென்சில் பழக்கத்தில் ஒரு குட்டைக் கோட்டைப் போட்டுவிட்டது. குட்டைக் கோடு என்றால் ‘நாட்.’

ஹரிஷங்கர் அடுத்த கோப்பைத் திறந்தார். சுற்றிலும் தலைகள் குனிந்திருந்தன.

"அப்பம் நினைச்சேன் மஞ்சு," என்றார் அத்தை. "சும்மா இருந்துட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. ரெண்டுல ஒண்ணு எழுதிரலாம். சரியாவும் இருக்கலாம். நான் கையத் தூக்கினா, ஏன் கேக்கலன்னு கேப்பான். அதோட முடிஞ்சிது."

"அப்புறம்?"

"கையத் தூக்கிட்டேன்."

ஸார், ஏழாவது விஷயம், ‘நவ்’வா ‘நாட்’டா என்று கேட்டார். முப்பத்துநான்கு வருடத்தில் கூட்டத்தின் நடுவே அவர் வாய் திறந்தது அதுவே முதல்முறை. ஹரிஷங்கர் நிமிர்ந்து பார்த்தார். பார்வை உருண்டு கிடந்த பட்ஸுக்குப் போனது, பிறகு தன் கோப்பருகே கவிழ்ந்து கிடந்த போனுக்கு.

"நீங்கள் இதை ரெக்கார்டு செய்கிறீர்களா?"

ராமமூர்த்தியின் சிரிப்பு போய்விட்டது. அதிகாரிகள் பேசுவதைக் களவாகப் பதிவு செய்தார் என்றால் ரெக்கார்டு ரூம்கூட மிஞ்சாது.

அத்தை எழுந்து நின்றார். போனைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். "இல்லை ஸார். பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஒரு வருடமாக. இது அதற்காக" என்றார். இத்தனை வருடம் அடுத்தவர் ஆங்கிலத்தையே எழுதியவர், தன் விஷயத்தை ஐந்து சொற்களுக்கு மேல் போகாத வாக்கியங்களில் சொல்லி முடித்தார்.

ஹரிஷங்கர் போனைத் தொடவில்லை. "நவ்" என்றார். பிறகு எழுத்து எழுத்தாக, "என், ஓ, டபிள்யூ."

அத்தை உட்கார்ந்து, குட்டைக் கோட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் நீளமாக ஒன்று போட்டார். வெளியே வந்து முத்தம்மாவிடம், "இருக்கச் சொல்லிட்டாவ" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாமா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாராம்.

சனியும் ஞாயிறும் நான் கீழே இறங்கிய போதெல்லாம் அத்தை எதையாவது துலக்கிக்கொண்டிருந்தார். திங்கள் மாலை வாசலில் காத்திருந்தேன். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"என்ன ஆச்சு?"

"கூப்பிட்டாரு. ஒக்காரச் சொன்னாரு. நோட்டை எடுங்க, ஒரு ஆபீஸ் குறிப்பு எழுதணும்னாரு. எழுத ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சிது, அது என்னப் பத்தின குறிப்பு."

"அத உங்களையேவா எழுதச் சொன்னார்?"

"பின்ன? நான்தானே அவருக்கு ஸ்டெனோ." கைப்பையைத் திறந்து பென்சில்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று முனை ஒடிந்திருந்தது. "சர்க்கார் ஆஸ்பத்திரில காதக் காட்டணும். அதுவரைக்கும் மீட்டிங் எல்லாம் வேற ஆளு. அவரு ரூம்ல டிக்டேஷன் மட்டும் நான். மீட்டிங் போச்சு மஞ்சு. சேர் இருக்கு."

"அழுதீங்களா?"

"நிமிசத்துக்கு நூறு சொல்லு வேகத்துல சொல்லுதாரு, எங்கன அழ? மூணு எடத்துல கேக்கல. மூணு தடவையும் நிப்பாட்டி, மறுபடி சொல்லுங்க ஸார்னேன். உடனே சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு." ஒடிந்த பென்சிலைச் சீவத் தொடங்கினார். "அதத்தான் பொறுக்க முடியல."

கொஞ்சம் சீவிவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு ஏழு மணிக்குக் கிளம்பணும். சும்மாதானே இருக்க, நீயும் வா. டாக்டரு கேக்குறது எனக்கு விழலன்னா எடுத்துச் சொல்லு. வேகமாவே சொல்லு."