நல்ல நேரம் பார்த்துப் போட்ட அப்டேட்

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு நான் ஒரு பொத்தானை அமுக்கினேன். போனில் 'இப்போதே புதுப்பிக்கவும்' என்று எழுதியிருந்த பொத்தான். அமுக்கும் முன் சுவரில் தொங்கிய காலண்டரில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அன்றைக்கு என் சின்ன மகளுக்குக் காதுகுத்து. வன்னியம்பட்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே எங்கள் குலதெய்வக் கோயில். பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் முகூர்த்தம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். என் மனைவிக்குத் தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு ஆள். அவன் பட்டாளத்தில் இருக்கிறான், எல்லையில். ரெண்டு தடவை லீவு சொல்லி ரெண்டு தடவையும் கடைசியில் இல்லை என்றாகிவிட்டது. நாங்களும் ரெண்டு தடவை காதுகுத்தைத் தள்ளிவைத்தோம். இன்னும் தள்ளினால் பிள்ளைக்கு நாலு வயது பிறந்துவிடும். இரட்டைப்படை வயதில் குத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். மச்சினன் இருக்கும் இடத்தில் அவன் போனுக்கு சிக்னல் கிடையாது. கொஞ்சம் மேட்டுக்கு ஏறிப் போனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன் இருக்கும். முறை வைத்துப் பேசுவார்கள். இங்கிருந்து அழைக்க வழியில்லை, அங்கிருந்துதான் வரும். பத்தே முக்காலுக்கு என் நம்பருக்கு வீடியோவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிசு. மடிக்கு என் மனைவியின் பெரியப்பா மகன் உட்காருவார், கண்ணுக்குத் தம்பி வருவான் என்று முடிவானது. "அவன் பாத்தாப் போதும்ங்க. பிள்ளையும் அவன் மூஞ்சியப் பாத்துட்டே இருக்கட்டும்" என்று ஒரு வாரமாக மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் மற்றவர்களுக்கு நூறு வேலை. எனக்கு ஒரே வேலை, போன்.

என் கை சும்மா இருக்காத கை. பஞ்சு மில்லில், நூற்பு மெஷின்களுக்கு நடுவே, இருபத்து மூன்று வருஷமாக நடக்கிறேன். அறுந்த நூலைக் கண்டால் ஒட்ட வேண்டும். நூல் சுற்றும் கதிர் நின்றதைக் கண்டால் ஓட வைக்க வேண்டும். ஓடுவது சரி, நிற்பது பழுது என்று உடம்பு முழுக்கப் படிந்துவிட்டது. பஸ் சிக்னலில் நின்றால்கூட என் கால் ஆடும். மூன்று மாதமாக அந்த அப்டேட் அறிவிப்பு போனின் நெற்றியில் ஒரு பரு மாதிரி நின்றது. போன தடவை பேசும்போது மச்சினன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போயிற்று. அப்டேட் போட்டால் படம் தெளியும் என்று மில் கூட்டாளி ஒருத்தர் சொன்னார். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, பித்தளையெல்லாம் புளி போட்டு விளக்கியாயிற்று, போனுக்கும் ஓர் எண்ணெய்க் குளியல் போட்டுவிடலாமே என்று தோன்றிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலமே பக்கத்து வீட்டு வைஃபையில் இறக்கி வைத்தேன். இடம் போதாது என்றது. காலை வணக்கம் சொல்லி வந்த ரோஜாக்களையும் சூரியன்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அத்தனை விடியல்களை அதுவரை சுமந்துகொண்டா திரிந்தோம் என்று இருந்தது. காலையில், சார்ஜ் முப்பதுக்கு மேல் வேண்டும் என்றது. முப்பத்து நாலு இருந்தது. சார்ஜரையும் செருகினேன். செருகினால் ஏறும் என்பது என் நம்பிக்கை. ஏறுகிறதா என்று பார்க்கவில்லை.

திரை கறுத்தது. கம்பெனியின் பெயர் வந்தது. அதன் கீழே நாலு புள்ளிகள் சுற்றின. ஐந்து நிமிஷம் சுற்றின. ஆறாவது நிமிஷம் என் விரல் போய்விட்டது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அணைந்தது, மறுபடி பெயர், மறுபடி புள்ளிகள். மறுபடி அமுக்கினேன். எட்டேகால் மணிவாக்கில் பெயரும் வரவில்லை, புள்ளியும் வரவில்லை. உள்ளங்கையில் ஒரு கறுப்புச் சில்லு கிடந்தது.

அடுத்த அறையில் மனைவி, "தம்பி நேரத்துக்கு வந்துருவான்லங்க?" என்று கேட்டாள். வந்துவிடுவான் என்றேன். அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு அதுதான். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டில் பத்துத் தலை இருந்தது, பத்து யோசனை பிறந்திருக்கும். மாலை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும், நீங்கள் வேனில் நேராகக் கோயிலுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். மாலை வாங்கப் போனது நிஜம். சட்டைப்பையில் கிடந்த பிணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

கோயிலுக்குத் திரும்பும் வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போது இடப்பக்கம் மலை அவ்வளவு சாவதானமாகக் கிடந்தது. எனக்கு அதன்மேல்கூடக் கோபம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை தயாராக இருந்தது. போன் கடைகள்தான் ஞாயிற்றுக்கிழமை என்று இழுத்துச் சாத்திக் கிடந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே ஒரு ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் எப்போது வருவார் என்று கேட்டேன். "வந்துதான் தண்ணி தெளிச்சுட்டு இருக்கேன், அண்ணாச்சி" என்றார். நான் வெட்கப்பட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன். காதுகுத்து, மச்சினன், பத்தே முக்கால், வீட்டில் சொல்லாதது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன தடவ அமுக்குனீக?"

பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும் என்றேன்.

"அது உள்ள வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நீங்க பன்னெண்டு தடவ சட்டையப் புடிச்சு இழுத்திருக்கீக."

பிறகு சார்ஜர் செருகும் துவாரத்தில் சின்ன டார்ச்சை அடித்தார். வாசலில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, நுனியைச் சீவி, உள்ளே விட்டு மெல்ல நெம்பினார். ஊசி விட்டால் உள்ளே கம்பி பழுதாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குச்சியின் நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை உருண்டை வந்தது. இன்னொன்று. இறுகிப்போன பஞ்சு. கடைசித் துணுக்கை விரலில் உருட்டிக்கொண்டே, "ராஜபாளையமா? மில்லுக்காரவுகளா?" என்றார்.

ஊரையும் தொழிலையும் நான் சொல்லவே இல்லை. பஞ்சு சொல்லிவிட்டது.

வாரத்துக்கு நாலு போனாவது இப்படி வருமாம். காதிலும் மூக்கிலும் தலைமுடியிலும் ஏறுகிற பஞ்சு போனை மட்டும் விடுமா? சார்ஜர் செருகியிருந்தும் ஒரு பொட்டு மின்சாரம் உள்ளே போகவில்லை. நான் இழுத்த இழுப்பில் இருந்த சார்ஜும் தீர்ந்து, பாதி வேலையில் போன் செத்துப்போயிருந்தது. இருபத்து மூன்று வருஷம் என்னைச் சோறு போட்டு வளர்த்த பஞ்சு, என் பிள்ளை காதுகுத்தன்று வந்து அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சார்ஜில் போட்டார். கால் மணி நேரம் எதையும் தொடவில்லை. பிறகு ரெண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்துப் பத்து எண்ணினார். பெயர் வந்தது. புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. மணி ஒன்பதே முக்கால். என் கை கண்ணாடி மேஜைமேல் ஊர்ந்து போனது எனக்கே தெரியாது. அவர் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"கைய எடுத்து மடியில வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி. செத்த நேரம் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மடியில் வைத்துக்கொண்டேன். என் ரெண்டு கையும் மடியில் சும்மா கிடந்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. புள்ளிகள் சுற்றின. பத்து மணிக்கும் சுற்றின. பத்தே காலுக்கு அவர் நிமிர்ந்து, இதை நம்பி உட்கார்ந்தால் முகூர்த்தம் போய்விடும் என்றார். என் போனிலிருந்து சிம்மைக் கழற்றினார். தன் சொந்தப் போனிலிருந்து தன் சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுக்கொண்டார். தன் போனில் என் சிம்மைப் போட்டு, என் நம்பருக்கு வந்த ரகசிய எண்ணைத் தட்டி, வீடியோ கால் என் நம்பருக்கு வருமாறு மாற்றி, என் கையில் கொடுத்தார். அதில் இன்னொரு சிம்முக்கு இடம் இருந்தது. அவருடையதும் அதிலேயே இருக்கட்டுமே என்றேன். "நல்ல நேரத்துல எவனாவது டிஸ்பிளே மாத்த எம்புட்டுன்னு கேட்டு அடிப்பான்" என்றார்.

பேர் தெரியாத ஆளிடம் எந்தத் தைரியத்தில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் அண்ணன் ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிறாராம். இவருடைய மகனுக்குக் காது குத்தும்போதும் இதே ஏற்பாடுதானாம். அன்றைக்கு லைன் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, நேரம் போகிறது என்று குத்திவிட்டார்கள்.

"இப்பவும் லீவுல வந்தாம்னா மருமகன் காதத் தடவித் தடவிப் பாக்குதான். போங்க அண்ணாச்சி, நேரமாச்சு."

நான் கோயிலுக்கு வந்து சேரும்போது பத்து நாற்பது. மாலையை யார் கையிலோ திணித்தேன். மகள் மொட்டைத் தலையில் சந்தனம் அப்பி, பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியோடு தயார். மனைவி என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். உறையில் வேறு யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய மஞ்சள் பூ ஸ்டிக்கர். என் முகத்தைப் பார்த்தாள்.

பத்து நாற்பத்தேழுக்குப் போன் மணி அடித்தது.

மச்சினன் வந்தான். பின்னால் மரமே இல்லாத மண் மலை. காற்று அவன் குரலைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் அவனை நான் முழுதாகப் பார்த்தேன். கம்பளியை மடித்துப் போட்டுத் தரையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருந்தான். போனை யாரோ எதிரில் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் கைகள் ரெண்டும் மடியில் இருந்தன. அதில் பிள்ளை இருக்கிற மாதிரி வளைந்து, காலியாக.

ஆசாரி ஊசியை எடுத்ததும் மகள் வீறிட வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, இங்க பாரு. மாமா மடியிலதான இருக்கே. ஆடாம இரு, மாமாவும் ஆட மாட்டேன்."

அவன் ஆடவில்லை. மகள் திரையையே பார்த்தாள். அழுதாள்தான், ஆனால் பார்த்துக்கொண்டே அழுதாள். ஒரு காது, பிறகு இன்னொரு காது. போனை நீட்டிப் பிடித்திருந்த என் கை, நம்புங்கள், ஒரு நூல்கூட அசையவில்லை. ஏழு நிமிஷம். குத்திய இடத்தில் ஆசாரி ஒரு துளி பஞ்சை எண்ணெயில் தொட்டு ஒற்றினார். அந்தக் காலையில் இரண்டாவது தடவையாகப் பஞ்சைப் பார்க்கிறேன்; இந்தத் தடவை அதன்மேல் கோபம் வரவில்லை. "அக்கா, அம்புட்டுத்தான? சந்தோசமா?" என்று மச்சினன் கேட்டான். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். லைன் அறுந்தது.

பிறகு பந்தியில் வைத்துத்தான் அவள் கேட்டாள், நம்ம போன் எங்கே என்று. முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல நேரம் பாத்தீகளே, சார்ஜு ஏறுதான்னு பாத்தீகளா?" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. பெரியப்பா மகன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மத்தியானம் பொங்கலும் வெற்றிலை பாக்கும் பூவும் எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனோம். அந்தப் பெண் முதலில் மகளின் காதைத்தான் பார்த்தார். விரல் படாமல், குனிந்து, ரெண்டு காதையும். லைன் வந்ததா என்று கேட்டார். ஏழு நிமிஷம் என்றாள் என் மனைவி. "அது போதும்" என்றார் அவர். முகம் அப்படி மலர்ந்தது. ரெண்டு பெண்களும் தம்பி அண்ணன் கதையில் இறங்கி, எந்த ஊர், எந்த மலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னை மறந்தே போனார்கள்.

என் போன் மேஜை ஓரத்தில் அப்படியே கிடந்தது. திரையில் என் மகள் மொட்டை போடுவதற்கு முந்தின முடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நூறு சதவீதம் சார்ஜ், புது அப்டேட், எல்லாம் சரி. நான் கிளம்பிப் போன இருபதாவது நிமிஷம் தானாக வந்துவிட்டதாம். யாரும் தொடவில்லையாம்.

இப்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த அறிவிப்பு வருகிறது. ஈர்க்குச்சியால் துவாரத்தைச் சுத்தம் செய்கிறேன், சார்ஜ் ஏறுகிறதா என்று கண்ணால் பார்க்கிறேன், மறுநாள் முக்கிய வேலை ஏதும் இல்லைதானே என்று யோசிக்கிறேன், பொத்தானை அமுக்குகிறேன். பிறகு ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். விரல் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாலு புள்ளிகள் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம், மரமில்லாத ஒரு மலையில் வெறும் மடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தவன் ஞாபகத்துக்கு வருகிறான். அவனுக்கு இல்லாத அவசரம் எனக்கு எதற்கு என்று கை தானாக அடங்கிவிடுகிறது.