மொச்சை ஒட்டிய வரைபடம்

சிறுவயதில் எனக்கு வாய் திக்கும். 'ப'வில் தொடங்கும் சொல் வந்தால் போதும், உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கண் மேலே செருகும், வகுப்பே காத்திருந்து சிரிக்கும். நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நின்று தவித்தபோது, "என்னடி, அடுத்த பஸ்ஸுலயாவது வந்துருமா?" என்று டீச்சர் கேட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே வாந்தி எடுத்தேன். ஒரு திங்கட்கிழமை அம்மா என் தோளிலிருந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "போதும். இனிமே இவ வீட்லயே படிக்கட்டும்" என்றாள்.

இதில் வேடிக்கை, அப்பா ஒரு வாத்தியார். திண்டுக்கல்லில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர், சொந்த மகள் வீட்டில் இருக்கிறாள் என்று சக வாத்தியார்களிடம் எந்த முகத்தோடு சொல்வார்? அதுவும் சொல்லிக்கொடுக்கப்போவது பத்தாவதோடு நின்ற அம்மா! மூன்று நாள் அப்பா தட்டைத் திண்ணைக்கு எடுத்துப்போய்த் தனியாகச் சாப்பிட்டார். நான்காம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து என்னைக் கான்வென்ட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். அவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டால் அம்மா செய்தது சரி. "இல்லேன்னா இந்தக் கூத்துக்கெல்லாம் நீதான் பதில் சொல்லணும்" என்றார் அப்பா.

அம்மாவின் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கிடையாது. நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகத்தை அடுப்படியில் மாறி மாறிப் படிப்போம். மலைக்கோட்டைக்கு ஏறினால் படிகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். சின்னாளப்பட்டிக்குச் சேலை எடுக்கப் போனால் சுங்குடிப் புள்ளிகளை வரிசை வரிசையாகப் பெருக்கிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தது. பிடிக்காதது சனிக்கிழமைதான்.

சனிக்கிழமைகளில் ஒட்டன்சத்திரம் சந்தை. அங்கே ஒரு கமிஷன் கடையில் மாமா கணக்கு எழுதினார். கேரளாவுக்குக் கிளம்பும் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு டிரைவரிடமும் போய், என்ன சரக்கு, எந்த ஊருக்கு, எந்தெந்த வழியாக என்று கேட்டு எழுதிவர வேண்டும். "கேள்வியெல்லாம் நீயே கேளு. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா தள்ளிப் போய்த் தக்காளியைப் பார்ப்பதுபோல் நிற்பாள். பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு! போகிற ஊரெல்லாம் எனக்கு எமன். ஒரு டிரைவர் மட்டும், நான் திணறும்போது பீடியை அணைத்துவிட்டு, "மெதுவாக் கேளுங்க கண்ணு, இன்னும் ஒரு பக்கம் கட்டோணும்" என்பார். அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கேட்பேன்.

அப்படிச் சேர்த்த விவரத்தை வைத்துப் பெரிய அட்டையில் வரைபடம் செய்தேன். சாலைக்குக் கொத்தமல்லி விதை, முருங்கை போகிற ஊருக்கு முருங்கை விதை, மலைத்தொடருக்கு மொச்சை. சோற்றுக் கஞ்சியால் ஒட்டினேன். ஒரு மாத வேலை. அம்மா ஒரு விதையைக்கூடத் தொடவில்லை. "மொச்சைய மட்டும் நல்லா வெயில்ல காயப்போட்டு ஒட்டு, வண்டு விழுந்துரும்" என்றாள், அவ்வளவுதான். காயப்போட்டேன் என்று சொன்னேன். சோம்பேறித்தனம், போடவில்லை.

கான்வென்ட்டில் தலைமை சிஸ்டரின் அறைக்கு வெளியே, இஸ்திரி போட்ட கவுன்களில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அம்மாக்கள் கையில் மெல்லிசான ஃபைல். என் அம்மா கையில் ஒயர் கூடை. அதில் நோட்டுகள், இலை ஒட்டிய ஆல்பம், எல்லாவற்றுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அட்டை. இதைப் பார்த்தால் சிஸ்டர் சேர்த்துக்கொள்வார் என்று அவள் உறுதியாக நம்பினாள். நான் இரண்டு அடி தள்ளியே உட்கார்ந்தேன்.

உள்ளே அம்மா வரைபடத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சிஸ்டர் குனிந்து பார்த்தார். முகத்தில் நிஜமான வியப்பு. "இதையெல்லாம் நீயாம்மா செஞ்ச?" என்று என்னைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரு வண்டு கிளம்பி மேஜைமேல் நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. கதவோரம் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பசை போட்டது, படம் வரஞ்சது எல்லாம் எங்கம்மாதான் சிஸ்டர். நான் ஒண்ணுமே செய்யல."

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண் அகல விரிந்திருந்தது. கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் சிஸ்டரைப் பார்த்து, "ஆமா சிஸ்டர், நாந்தான் செஞ்சேன்" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டு வேறு சொன்னாள்.

சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. பிள்ளை பெயரில் பெற்றவர்கள் செய்து கொண்டுவருவது நல்ல பழக்கம் இல்லை என்றார். நோட்டுகளைத் திறக்கவே இல்லை. பிள்ளை ஐந்தாம் வகுப்பிலேயே உட்காரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அம்மா தலையாட்டினாள். கைக்குட்டையால் வண்டுகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு வருட உழைப்பு இரண்டு நிமிடத்தில் போனது, போக்கியவள் நான். இன்றும் மொச்சைக் குழம்பு என்றால் தட்டை நகர்த்திவிடுகிறேன். வீட்டில் கேட்டால் வாயு என்று சொல்லிச் சமாளிப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் அவள் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். செய்த காரியத்துக்குச் சோடா! குடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும், "என்ன, சேத்துக்கிட்டாங்களா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அஞ்சாப்புலதான். அத விடுங்க. இவ அம்புட்டுப் பேரு முன்னாடி பேசுனாங்க. ஒரு எடத்துல திக்கணுமே? ம்ஹும். மடமடன்னு கொட்டுனா." என்றாள் அம்மா.

"அப்படி என்ன பேசுனா?"

"என்னமோ பேசுனா. எதப் பேசுனா என்னங்க?"

அப்பாடா, அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பொய்யை மூடி மறைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரே நிம்மதி. மறைப்பது அவள் நினைப்பிலேயே இல்லை. அவளை நான் விட்டுக்கொடுத்த அந்தப் பேச்சைக் கேட்கத்தான் இரண்டு வருடம் தக்காளிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.