கடவுளுக்குக் கெடு வைத்த ஓலாவா

ஓலாவாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. வேறு யாரும் சொன்னதல்ல இது; அவளே ஜெபவீட்டில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னது. இருபத்திரண்டு வருடம் ஃபெர்ரித் துறையில் வேலை பார்த்தவள். எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய படகின் மாலுமிகளை எட்டு மணியிலிருந்தே கண்ணால் விரட்டுவாள். காப்பி முழுசாகக் கொதிக்கும்வரை அவளால் நிற்க முடியாது. பிரசங்கம் நீண்டால், போதகர் பார்க்கும்படியாகவே கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பாள்.

அவள் நாற்பத்து நான்காம் வயதில் தச்சன் ஹல்வாரைக் கல்யாணம் செய்துகொண்டபோது எங்கள் கரை முழுக்கச் சிரித்தது. ஹல்வார் ஒரு பேச்சைத் தொடங்கி முடிப்பதற்குள் கடல் ஏறி வற்றிவிடும். ஆறு வருடம் அவளைப் பார்ப்பதற்காகவே அவசியமில்லாமல் ஃபெர்ரியில் போய் வந்துகொண்டிருந்தான். கடைசியில் கல்யாணப் பேச்சை எடுத்தது அவள்தான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவன் அப்பாவின் சின்னத் தீவுக்கு ஒரு காலத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஈடர் வாத்துகள் வரும். மனிதர்கள் கல்லாலும் பலகையாலும் கட்டி வைத்த குட்டி வீடுகளுக்குள் முட்டையிடும். குஞ்சுகளோடு போகும்போது கூட்டில் மெத்தென்ற இறகுப் பஞ்சை விட்டுப் போகும். ஆட்கள் பெரிய தீவுக்குக் குடிபோன பிறகு கழுகுக்கும் நீர்நாய்க்கும் காவல் இல்லாமல் போயிற்று. வாத்துகளும் வருவதை நிறுத்தின. முப்பது வருடமாக ஒன்றுகூட இல்லை. அவற்றைத் திரும்ப வரவைக்க வேண்டும், அதற்கு மார்ச்சிலிருந்து ஜூலை வரை அங்கே போய்க் குடியிருக்க வேண்டும் என்றான் ஹல்வார். ஓலாவா வேலையை விட்டாள். அந்தத் தீர்மானத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம்.

வாத்துக் காவலுக்கு நியமங்கள் உண்டு. ஓடக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. துணியைக் காற்றில் படபடக்க விடக் கூடாது. தினமும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அதே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். இதைக் கேட்ட ஜெபவீட்டுத் தலைவர் தோர்லெய்ஃப், ஹல்வார் வாத்தை வளர்க்கப் போகவில்லை, பெண்டாட்டியை வாயடைக்கத்தான் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முதல் வருடம் நாற்பது வீடுகளைச் சரிசெய்து, உள்ளே காய்ந்த கடற்பாசி பரப்பி, ஏப்ரல் பதினைந்தாம் தேதியிலிருந்து ஓலாவா வாசலில் நின்றாள். ஒரு வாத்தும் வரவில்லை.

"ஏம்மா, அதுங்களுக்கு டைம்டேபிள் அனுப்பினியா இல்லியா?" என்று கேட்டார் தோர்லெய்ஃப்.

இரண்டாம் வருடம் ஒரு பெட்டை வந்தது. கரையோர வீடு ஒன்றில் உட்கார்ந்தது. முதல் நாள் ஓலாவா தாங்கிக்கொண்டாள், இரண்டாம் நாளும் தாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி முட்டை எத்தனை என்று பார்த்துவிடலாம் என்று கூரைப் பலகையைத் தூக்கினாள். பெட்டை சிறகடித்துப் போயிற்று. போனது போனதுதான். ஓலாவா பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஹல்வார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருடம் அவள் கடவுளுக்குக் கெடு வைத்தாள். ஆண்டவர் பரமேறிய திருநாளுக்குள் ஒரு வாத்து வர வேண்டும், இல்லையென்றால் துறைக்கே திரும்பிவிடுகிறேன், ஆமென். அங்கே அவள் இடத்துக்கு இன்னும் ஆள் எடுத்திருக்கவில்லை. வருகிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தக் கெடுவைப் பற்றி அவள் சிநேகிதி பெட்ராவிடம் சொன்னபோது, பெட்ரா பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடியில் வைத்துவிட்டு, "ஆண்டவருக்கே நோட்டீஸா? கையெழுத்து வாங்கினியா?" என்றாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது. மழை வந்தது. வாத்து வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஓலாவா சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். ஹல்வார் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி. நீ போற இடத்துக்கு நானும் வர்றேன்" என்றான். பிறகு கடற்பாசிக் கூடையை எடுத்துக்கொண்டு குட்டி வீடுகளை நோக்கி நடந்தான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடக் கூடாது என்பதால் வேகமாக நடந்து அவனைப் பிடித்தாள்.

"போறதுன்னு ஆனப்புறம் இது எதுக்கு?"

"இன்னைக்கு இங்கதானே இருக்கோம்."

"மூணு வருஷமா கேக்கறோம் ஹல்வார். ஆண்டவர் மேல உனக்குக் கோபமே வராதா?"

அவன் ஈரப் பாசியை எடுத்து எறிந்துவிட்டு யோசித்தான். அவன் யோசித்து முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. எப்படி அவ்வளவு நேரம் பொறுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்று பின்னாளில் சொன்னாள்.

"வரும். அவர்கிட்டயே சொல்லிடுவேன். எப்பன்னும் கேப்பேன். எனக்கும் சொன்னதில்ல. ஆனா இதுவரைக்கும் என்னைக் கைவிட்டதும் இல்ல. நீ வந்தியே. எனக்கு நாப்பத்தாறு வயசுல, நான் கேக்காமலே."

அவள் குனிந்து கூடையிலிருந்து ஒரு கைப்பிடி பாசி எடுத்தாள். மனம் மாறிவிட்டதாக அவள் நினைக்கவில்லை. கைக்கு ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். இருவரும் கடைசி வீடுவரை பாசி பரப்பி முடித்தார்கள். அன்று அவள் செய்த ஜெபத்தில் தேதி எதுவும் இல்லை. அடுக்கிய பெட்டி அப்படியே சுவரோரம் கிடந்தது.

பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை ஜெபவீட்டாரில் பதினான்கு பேரை இருவரும் தீவுக்கு அழைத்திருந்தார்கள். போவதைப் பற்றி அன்றே எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று ஓலாவா எண்ணினாள். பண்டிகை ஆராதனைக்காக இருவரும் சனிக்கிழமையே பெரிய தீவுக்குப் போய் பெட்ரா வீட்டில் தங்கினார்கள். திங்கள் காலை, விருந்தாளிகளுக்கு முன்பாக, மாவும் பாலேடுமாகத் திரும்பி வந்தார்கள்.

வீட்டுக்கு ஒரே வாசல். ஓலாவா முதல் மரப்படியில் வைக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. படிக்கு அடியில், பலகைகளுக்கு நடுவே, மணி போன்ற ஒரு கறுப்புக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரப்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை. நாற்பது வீடுகளையும் விட்டுவிட்டு, ஆளில்லாத இரண்டு நாளில், அவர்கள் வாசலுக்கு அடியில் குடிவந்திருந்தது.

ஹல்வார் பதறி அவள் சட்டைக் கையைப் பிடித்தான். தேவையே இருக்கவில்லை. அவள் தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

பின்பக்கம் சமையலறை ஜன்னல் இருந்தது. அவன் முதலில் ஏறி உள்ளே இழுக்க, அவள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். சத்தம் வரக் கூடாதே என்று அவள் தன் கையைக் கடித்துக்கொண்டாள்.

தீவில் தொலைபேசி கிடையாது. பதினோரு மணிக்குத் தோர்லெய்ஃபின் படகு கிதாரும் பாட்டுமாக வந்தது. ஓலாவா ஜன்னல் வழியாக இறங்கி, அதே பழைய கோட்டில், நடந்தே படகுத்துறைக்குப் போனாள். விரலை உதட்டில் வைத்து இன்னொரு கையை நீட்டி மறித்தாள். தோர்லெய்ஃப் மோட்டாரை அணைத்தார். அவள் அவர் காதில் சொல்ல, அவர் அடுத்தவர் காதில் சொல்ல, செய்தி படகின் முனையிலிருந்து கடைசிவரை போயிற்று. கிதார் மெதுவாகக் கீழே வைக்கப்பட்டது.

ஜெபக்கூட்டம் படகிலேயே நடந்தது. ஹல்வார் வாஃபிள் அப்பம் சுட்டு ஜன்னல் வழியே நீட்ட, ஓலாவா தட்டுத் தட்டாகச் சுமந்து வந்தாள். எல்லாம் ஆறிப்போயிருந்தது, ஒரு துண்டும் மிஞ்சவில்லை. பதினான்கு பேரும் உதட்டைத் திறக்காமல் முனகியே துதிப்பாடல் பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் பெட்ராவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் குலுங்க, படகே ஆடியது.

தோர்லெய்ஃப் கிசுகிசுத்தார். "உன் கெடு தாண்டிப் பதினோரு நாளு. உங்க துறையில இதுக்கு என்னம்மா அறிவிப்பு குடுப்பீங்க?"

"என் கடிகாரந்தான் வேகமா ஓடிடுச்சுன்னு சொல்லுவேன்." அவளும் கிசுகிசுத்தாள். பிறகு சொன்னாள்: "அங்க போனீங்கன்னா ஒரு உதவி. வேற ஆளை எடுத்துக்கச் சொல்லுங்க. நான் வரல."

அடுத்த தட்டைத் தானே எடுத்து வந்து நின்ற ஹல்வார் இதைக் கேட்டுவிட்டான். "முட்டை பொரியுமான்னு இன்னும் தெரியாதே, ஓலாவா" என்றான்.

"தெரியாது. பொரியலைன்னாலும் வரல."

அவன் தட்டைப் பிடித்தபடியே நின்றான். அதிலிருந்து தோர்லெய்ஃப் தானாகவே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் இருபத்தாறு நாள் அந்த வீட்டில் போக்குவரத்தெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். ஓலாவாவின் முழங்கால் இரண்டிலும் ரத்தம் கட்டி நீலமாயிற்று. முட்டை எத்தனை என்று அவள் பார்க்கவில்லை. முதல் வாரம், பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று தினமும் ஜெபித்தாள். இரண்டாம் வாரம் வாசற்படிக்கு அடியில் பெட்டை புரண்டு உட்காரும் சத்தம் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. மூன்றாம் வாரம், எத்தனை நாள் மீதி என்று ஹல்வார் கேட்டபோது, அவளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை படிக்கு அடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்டது. மறுநாள் பெட்டை வெளியே வந்தது. பின்னால் கரிப்பிடித்த பஞ்சுருண்டைகள் மாதிரி ஐந்து குஞ்சுகள். ஹல்வார் கழுகுக்குக் காவலாகப் பாறைமேல் நின்றான். ஓலாவா முன்னறை ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு குஞ்சுகள் நீரில் குதித்தன. ஐந்தாவது பாறை விளிம்பில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. தாய் தண்ணீரில் ஒரே இடத்தில் வட்டமடித்தது. கூப்பிடவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. வெகுநேரம் கழித்து அதுவும் குதித்தது.

ஹல்வார் வீட்டுப் பக்கம் வந்து, "இனிமே கதவைத் திறக்கலாம்" என்றான்.

"இரு, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்" என்றாள் ஓலாவா.