அண்ணாச்சி சொன்ன ‘நல்லாருக்கு’

தொம்மை அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கீழவைப்பார் கரையில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தேன். நண்டு வலை பிரிப்பது பொறுமை கேட்கிற வேலை. ஒரு காலை எடுத்துவிட்டால் இன்னொரு காலால் வலையைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு பெரிய நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. அண்ணாச்சியின் மச்சினன் பேசினார்.

“சூச, அத்தான் போயிட்டாவ. காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவிய, எந்திரிக்கல. மில்லர்புரத்துக்கு வந்துருப்பா.”

நான் ‘சரி’ என்று மட்டும் சொன்னேன். நண்டு என் விரலைக் கவ்வியிருந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

அண்ணாச்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கப்பலில் சமையல்காரர். நம் கடற்கரையில் கப்பலுக்குப் போகாத வீடு குறைவு. ஆனாலும் கேப்டன் வீடு, என்ஜினியர் வீடு என்றுதான் அடையாளம் சொல்வார்கள். மில்லர்புரத்தில் மட்டும் ‘குக்கு வீடு’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். அண்ணாச்சிக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

நான் கப்பலில் மெஸ்மேனாக, அதாவது சமையல்கட்டு எடுபிடியாக, ஏறிய அன்று என் முன்னால் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: “ஏலே, உரி. ஊர் நெனப்பு வந்துச்சுன்னா இதோட சேத்து அழுதுரு. ஒரு பயலுக்கும் தெரியாது.” நான் நிறைய உரித்தேன்.

அவர் விடுமுறைக்கு வந்தால் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். சண்டை என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிற சண்டை. மனைவி லூர்து மதினி குழம்பை ஊற்றுவார். அண்ணாச்சி ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடுவார். “ஏளா, புளி தூக்கலா இருக்கு. மல்லிய வறுக்கும்போது யாருகூட பேசிட்டிருந்த? கருகிருக்கு” என்பார். “ஆமா, கப்பல்ல ஆக்கிப்போடுற தொர, எனக்குப் புளி கரைக்கச் சொல்லித்தர வந்துட்டாவ. திங்கணும்னா தின்னுங்க” என்று மதினி கரண்டியைத் தட்டில் அடிப்பார். அடுத்த நாள் புளி சரியாக இருக்கும். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் இரண்டாம் தரம் சோறு வாங்குவார். மதினி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவர்கள் குடும்பம் நடத்தியதே அப்படித்தான்.

பிறகு ஊர் உலகமெல்லாம் கதவடைத்துக் கிடந்த காய்ச்சல் காலம் வந்தது. கப்பலிலும் காய்ச்சல் ஏறியது. அண்ணாச்சி அறைக்குள்ளேயே கிடந்து எழுந்துவிட்டார். எழுந்தவர் பழைய அண்ணாச்சிதான் என்று நாங்கள் நினைத்தோம். கொஞ்ச நாளில் சாப்பாடு மாறியது. ஒரு நாள் சாம்பாரில் உப்பே இல்லை. மறுநாள் பருப்பு, வாயில் வைக்க முடியாத உப்பு. பெரியதாழைக்காரர் ஒருவர் எங்களுக்கு போசனாக, தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி, இருந்தார். வாய் சும்மா இருக்காது அவருக்கு. “அண்ணாச்சி, சுத்தி இருக்க கடல் போதாதா? கஞ்சிக்குள்ளயும் இறக்கணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் மூன்றாவது தரம் கேப்டன் தட்டைத் தள்ளிவிட்டு, இனி இப்படி நடந்தால் அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போகவேண்டியதுதான் என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது பாலில்தான். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, அந்த நாற்றம் மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணாச்சி அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு கோழி வெட்டிக்கொண்டிருக்கிறார். “அண்ணாச்சி, பாலு!” என்றேன். திரும்பிப் பார்த்தவர் முகத்தில் ஒரு பயம். அதற்கு முன்னால் அவர் முகத்தில் நான் பயம் பார்த்ததில்லை, புயலில்கூட.

அடுத்த துறைமுகம் அல்பேனியாவில். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. இத்தாலிக்கு எதிர்க்கரை. சரக்கு இறக்குகிற கிரேன் பழுதாகி நாங்கள் நாள்கணக்கில் கட்டிக் கிடந்தோம். கப்பல் ஏஜெண்டிடம் கார் ஓட்டுகிறவர் ஆகிம் என்று ஒருவர். மலைப்பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வீட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய காலத்துச் சமையல் சொல்லிக்கொடுப்பார்களாம். காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்து சமைத்து, சாப்பிட்டுவிட்டு வரலாம். அது சீசன் இல்லாத நேரம். “ஆளே வரல. நீங்க குக்குதானே, வாங்க” என்று ஆகிம் கூப்பிட்டார். அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கல் வீடு. முற்றத்தில் ஒரு விறகடுப்பு. ஆகிமின் மனைவி ட்ரிதா எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, தண்ணீர் கொடுத்து, இடுப்பில் துணியைக் கட்டிவிட்டார். அன்றைக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தது ‘ஃப்ளி’ என்கிற பண்டம். தோசை மாவு மாதிரி கோதுமை மாவைக் கரைத்து, அகலமான தட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாக, சூரியன் படம் போடுவதுபோல ஊற்றவேண்டும். அதன்மேல் கங்கு போட்ட இரும்பு மூடியைக் கவிழ்க்கவேண்டும். வெந்ததும் கொக்கியால் மூடியைத் தூக்கி, வெண்ணெயும் தயிரும் கலந்ததைத் தடவி, விட்ட இடைவெளியில் அடுத்த கோடு. மறுபடி மூடி. இப்படியே அடுக்கு அடுக்காக, அரைநாள். நம் வீடுகளிலும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மேலே கங்கு போட்டுச் சுடுகிற வழக்கம் இருந்ததே, அதேதான். அண்ணாச்சிக்கு அந்த மூடி பிடித்துப்போயிற்று. கொக்கியைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அது அவர்களுக்கு நோன்பு மாதம். எங்களுக்குத் தவக்காலம். ட்ரிதா நோன்பு வைத்திருந்தார். அன்று முழுவதும் அடுப்பு முன்னால் நின்றும் ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. ஆகிமுக்குச் சர்க்கரை வியாதி, அதனால் நோன்பு இல்லை. மாவு கரைத்ததும் ட்ரிதா அவரைக் கூப்பிட்டுத் துளி கொடுத்தார். அவர் நாக்கில் வைத்துவிட்டுத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சரியில்லை போலிருக்கிறது என்று அண்ணாச்சி உப்பு டப்பாவை எடுத்துவிட்டார். ட்ரிதா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் அப்படித் தலையாட்டினால் ‘ஆமாம்’ என்று அர்த்தமாம். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: “வாயில வைக்காம இந்த மாசம் பூராவும் எப்படிம்மா ஆக்குதிய?” காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. அவர் வீட்டு நோன்புக் கஞ்சியும் வாயில் வைக்காமல் காய்ச்சுவதுதான். ஒரு நாளாவது அதில் உப்பு தப்பி நான் குடித்ததில்லை. ஆனால் எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்கிற தேவை அண்ணாச்சிக்குத்தான் இருந்தது. அவருடைய உடைந்த இங்கிலீஷை ஆகிம் அவர்கள் பாஷைக்கு மாற்றினார். ட்ரிதா கங்கைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்.

“பசியோட சமைக்கிறவ தன் வாயை நம்பக்கூடாது. அதுக்கு எல்லாமே ருசியாத்தான் படும். அதனால இவரைக் கேப்பேன். இவர் பொய் சொல்ல மாட்டார். சொன்னா, இவருக்கும் அதே சாப்பாடுதான்.”

ஆகிம் இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். சுவர் ஓரம் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“சூச, எனக்கு வாசமும் தெரியல, ருசியும் தெரியல. காய்ச்சல்ல போனது திரும்பி வரவே இல்ல. கையில நின்னதை வச்சு குத்துமதிப்பா ஆக்கிட்டிருக்கேன். நாக்கு செத்த குக்குன்னு தெரிஞ்சா எவம்லே கப்பல்ல ஏத்துவான்?”

“மதினிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியவும் கூடாது. அவ தம்பிட்ட சொல்லுவா, அவன் தெருவுல சொல்லுவான், அன்னைக்கே ஏஜெண்டு காதுக்குப் போயிரும். மாதா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். பிறகு அவரே சொன்னார்: “இனி நீதாம்லே எனக்கு நாக்கு. அந்த மனுசன் மாதிரி. பொய் மட்டும் சொல்லிராத.”

பொழுது சாய்ந்து ட்ரிதா நோன்பு திறந்த பிறகு ஃப்ளியை வெட்டினார்கள். நான் எத்தனை துண்டு தின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணாச்சி மெதுவாக மென்றுகொண்டிருந்தார். ட்ரிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கையைக் காட்டிக் கேட்டார். “நல்லாருக்கு” என்றார் அண்ணாச்சி, தமிழிலேயே. அந்த அம்மாளுக்கு என்ன பட்டதோ தெரியவில்லை, தட்டின் ஓரத்தில் தீய்ந்து முறுகிக் கிடந்ததைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். அது பல்லில் நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. அண்ணாச்சி முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

கப்பலுக்குத் திரும்பியபின் எந்தச் சட்டியும் என் வாயில் படாமல் மேசைக்குப் போகவில்லை. “ம்?” என்பார். “உப்பு ஒரு கை” என்பேன். கேப்டன் அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கேப்டன் ஒன்றும் சொல்லாவிட்டால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று பொருள். இப்படியே சில பயணம். பிறகு முழங்கால் விட்டுப்போய் அண்ணாச்சி ஊரோடு வந்துவிட்டார். நானும் கரைக்கு வந்தேன்.

“இனியாவது மதினிட்ட சொல்லுங்களேன்” என்று ஒருமுறை கேட்டேன். “எப்படிச் சொல்ல? லீவுக்கு வரும்போதெல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்லித் தின்னுருக்கேன். இப்பச் சொன்னா அத்தனையும் பொய்யாயிரும்லா. அவ ஆக்குறதே நான் ஒரு வார்த்தை சொல்லணும்னுதான்” என்றார். பேச்சை மாற்றிவிட்டார்.

அடக்கம் முடிந்து மில்லர்புரம் வீட்டுக்கு வந்தோம். இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோறுதான். மதினி தட்டைத் தொடவில்லை. கல்லறையில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சனங்கள் அதையும் கிசுகிசுத்தார்கள். மதினி என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒன்னு கேப்பேன், மறைக்காத. அவிய மனசு எங்க போச்சு?”

எனக்கு விளங்கவில்லை.

“முன்னெல்லாம் புளி கூட, மல்லி கருகல்னு என் உயிர எடுப்பாவ. பொறவு எத வச்சாலும் நல்லாருக்கு. போன வருசம் ஒரு நாளு வேணும்னே உப்பே போடாம மீன் கொழம்பு வச்சேன். வாயத் தொறந்து திட்டுவாவன்னு எதிரிலயே உக்காந்திருந்தேன். ‘நல்லாருக்கு ளா’ன்னுட்டு சட்டிய வழிச்சுத் தின்னாவ. ஊரு ஊரா ஆக்கிப்போட்டவியளுக்கு உப்பில்லாதது தெரியாதா? நம்ம மேல அக்கறையே இல்ல, என்னத்தப் போட்டாலும் ஒன்னுதான்னு நெனச்சேன். அன்னையோட பேச்சு அத்துப்போச்சு. சோறு போடுவேன், எந்திரிச்சுப் போயிருவேன். நேத்துக் காலையில காப்பியக்கூட டொக்குன்னு வச்சிட்டுத்தான் வந்தேன். நீ கூடவே கெடந்தவன். கப்பல்ல எவ கையால தின்னாவ, என் கை சப்புன்னு போற அளவுக்கு?”

சத்தியத்தை மாதா மன்னிக்கட்டும். பாலில் தொடங்கி ஃப்ளி வரைக்கும், ஆகிமின் நாக்கு வரைக்கும், எல்லாவற்றையும் சொன்னேன். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டு முடித்தார்.

“அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு நாளு பாத்தவளுக்கு. மொறுமொறுன்னு அப்பளமாவது பொரிச்சுப் போட்டிருப்பேனே, பாவி மனுசா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீயும் சேந்துல்லா ஆடிருக்க. போ, வெளிய போ” என்றார். போனேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து மதினியே அடுப்பு மூட்டினார். சீலா மீன் குழம்பு. என்னை உள்ளே கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

“உப்பு?”

“கம்மியா இருக்கு மதினி.”

மதினி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, ஏழு நாளாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதார். அடுப்பில் குழம்பு கொதித்து ஓரம் பிடிக்கத் தொடங்கியது. ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. பிறகு அவரே எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார். “இத எழுது தம்பி. அவியளுக்கு அக்கறை இல்லாம போகலன்னு ஊருக்குத் தெரியட்டும்” என்றார். அவர் சொன்னதால்தான் எழுதுகிறேன். எழுத்து எனக்கு அவ்வளவு வராது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, போய் வாருங்கள். சேசு மரி சூசை உங்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். மதினிக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. முன்னே இருந்தது வேறு கோபம். இது உட்கார்ந்து பேசினால் ஒரு நாளில் தீர்ந்துவிடக்கூடியது. பேசுவதற்குத்தான் நீங்கள் இல்லை.