ருக்கு தொட்ட தண்ணீர்

போர்ட்பிளேருக்கு எதிர்க்கரையில் பாம்பூபிளாட்டில் படகை விட்டு இறங்கி, மரமில்லுக்காரர் வரிசை வீடுகள் எங்கே என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாரும் காட்டிவிடுவார்கள். ருக்கு வீடு எது என்று கேட்டால் மட்டும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு கையை நீட்டி, "அங்க தண்ணி கிண்ணி வாங்கிக் குடிச்சிடாதீங்க" என்பார்கள். அந்தப் பழியை யாரும் அவள் தலையில் சும்மா கட்டவில்லை. பாதியை ஊர் கொடுத்தது. மீதியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நடந்தது இதுதான்.

ருக்கு முசிறிப் பக்கத்துப் பெண். காவேரியில் குளித்து வளர்ந்தவள். கல்யாணமான கையோடு கப்பலேறிவிட்டாள். புருஷன் ராஜமாணிக்கத்துக்குச் சாத்தம் தீவு மரமில்லில் வேலை. விடிந்ததும் படகில் அக்கரை போனால் சாயங்காலம் தலையெல்லாம் சிவப்பு மரத்தூளோடு திரும்புவான். வந்த புதிதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலும் காடுமாக இருக்க, ருக்கு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த வீட்டுச் செல்லம்தான் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அழுதா கப்பல் திரும்பி வந்துருமாடி? எழுந்து வா, மீன் கழுவணும்."

அன்று முதல் இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு மாதிரிதான். கொஞ்ச காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்த காய்ச்சல் என்றார்கள். அதுவும் கப்பலில்தான் வந்தது. மில்லில் ரம்பம் ஓடவில்லை, வரிசை முழுக்க இருமல். ஆனாலும் யாரும் யாரையும் பழிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கஞ்சிதான், யார் யாரைக் கைகாட்டுவது? கஞ்சி காய்ச்ச எழுந்து நடக்க முடிந்தவர் நாலு வீட்டுக்கும் காய்ச்சினார். அவ்வளவுதான்.

வாந்திபேதி அப்படி வரவில்லை.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த வருஷம், ஆடி மாதம். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று ருக்கு மெயின்லாண்டுக்கு, ஊருக்குப் போயிருந்தாள். செல்லத்தின் மூத்த மகள் சந்திரமதி நடக்கிற பிள்ளை, அடுத்தது வயிற்றில். நடுவில் ஒன்று தங்காமல் போயிருந்தது. கப்பலேறும் அன்று செல்லம் படகுத்துறை ஜெட்டிக்கே வந்து கேட்டாள்.

"பதினெட்டாம் பெருக்குத் தண்ணி ஒரு வாய் கொண்டா ருக்கு. அதக் குடிச்சாத்தான் இது தங்கும்."

வரிசையில் அது வழக்கம்தான். ஆடியில் ஊர் போய் வருகிறவர் காவேரித் தண்ணீர் கொண்டு வருவார். அம்மன் மேடையில் வைத்துக் கும்பிட்டு, ஆளுக்கொரு கை ஊற்றுவார்கள். நடுக்கடலில் இருந்தாலும் அன்றைக்கு எல்லோரும் காவேரிக் கரையில்தான்.

மெட்ராஸ் ராஜ்யம் முழுக்க அப்போது காலரா. எங்கோ கிழக்கே ஒரு தீவில் தொடங்கித் துறைமுகம் துறைமுகமாக நகர்ந்து வந்த நோய் என்று கப்பலில் ஊசி போட்டவர் சொன்னார். ஊசி வலியில் ருக்கு அதைக் காதில் வாங்கவில்லை. போர்ட்பிளேரில் இறங்கும்போது சுகாதார ஆள் வழிமறித்தான். தண்ணீர், நறுக்கின பழம், சோறு எல்லாம் கடலில் கொட்டு என்றான்.

"யே க்யா ஹை?" என்று, காவேரித் தண்ணீர் இருந்த பீங்கான் ஜாடியைத் தட்டினான்.

"அச்சார், பாய். மாங்கா அச்சார்" என்றாள் ருக்கு, ஊறுகாய் என்கிற பாவனையில்.

முகத்தைச் சுளித்து, போ என்றான். படகில் வரும்போது ருக்குவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு தோழிக்காகச் சர்க்காரையே ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம்.

அன்று சாயங்காலம் மேடையில் எல்லோரும் குடித்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் செல்லம் இரண்டு கை வாங்கினாள். ராஜமாணிக்கம் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தான். ருக்குவும் குடித்தாள். சந்திரமதி தூங்கிப்போயிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டாம். அரிசி கழுவின தண்ணீராகப் போயிற்று. கண் குழிக்குள் போயிற்று. விரல் துணி துவைத்தவள் விரலாகச் சுருங்கிற்று. ஜெட்டிக்கு மேலே தார்ப்பாய்க் கொட்டகை போட்டார்கள். செல்லம் ருக்கு மடியில்தான் போனாள். கடைசியில் அவள் கேட்டதும் தண்ணீர்தான். ராஜமாணிக்கம் அதற்கு முந்தின நாளே போய்விட்டான். மில் மேஸ்திரி சிவஞானம் வீட்டில் அவர் தம்பி. இன்னும் சிலர். பாடையை நாலு பேர் தொடப் பயந்து, மில்லின் மர வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் எல்லோருக்கும் மலம் அள்ளின ருக்குவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளுக்கு வினையாயிற்று.

டாக்டர் வந்து ஒவ்வொரு வீடாக விசாரித்தார். ருக்கு மறைக்கவில்லை. ஜாடியைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தண்ணிதான் சாப். நான்தான் கொண்டாந்தேன்."

அவரும் தண்ணீர்தான் என்றார். ஆனால் வரிசை அதை ஏற்கவில்லை. எப்படி ஏற்கும்? காவேரி கொன்றாள் என்றால் அப்புறம் கும்பிட என்ன இருக்கிறது? சிவஞானம் மேஸ்திரி நல்ல மனிதர்தான், அவரைக் கெட்டவர் என்று சொன்னால் வாய் வேகும். ஆனால் தம்பியைப் பறிகொடுத்தவர்.

"காவேரி என்ன பண்ணுவா? தீட்டோட தொட்டிருக்கா இவ. தொட்டவ கை வெஷம்" என்றார்.

அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. குழாயடியில் அவள் பிடித்துவிட்டுப் போனால் சாம்பல் போட்டுக் கழுவினார்கள். அவள் தொட்ட குடத்துத் தண்ணீரைக் கீழே கொட்டினார்கள். செல்லத்தின் புருஷன் பன்னீர்செல்வம் திட்டவில்லை; பேச்சையே நிறுத்திவிட்டான். சந்திரமதி "பெரீம்மா" என்று ஓடி வந்தால் பின்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு போனான். கடற்கரைப் பக்கம் கருவாடு போடுகிற சிசிலியா ஒருத்திதான் வேலை கொடுத்தாள், ருக்கு கையால் காப்பியும் வாங்கிக் குடித்தாள்.

"எங்களுக்குத்தான் காவேரி இல்லையே, ஒங் கை எங்கள என்ன செய்யும்?" என்று சிரிப்பாள்.

ஆனால் சிசிலியா சிரித்தால் போதுமா? ராத்திரி வீட்டுக்கு வந்தால் இரண்டு பக்கச் சுவரிலும் தமிழ்ப் பேச்சு கேட்கும். ஒன்றும் அவளுக்கானது இல்லை.

அடுத்த ஆடி வந்தது. இந்தத் தடவை சிவஞானமே ஊர் போனார். புறப்படுமுன் ருக்கு வாசலில் நின்று சொன்னார்.

"இந்தா ருக்கு. எத்தன நாளைக்கு இப்படி இருப்ப? நான் தண்ணி கொண்டாரேன். அன்னிக்கு மேடைக்கு வா. தலையில மஞ்சத்தண்ணி ஊத்தி எலுமிச்ச அறுப்போம். தீட்டோட தொட்டுட்டேன், தப்புதான்னு அம்மா முன்னால ஒரு வார்த்த சொல்லிரு. அதோட உட்டுரலாம்."

தப்பு தீட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டினாள். ஒரு வருஷம் பேச ஆளில்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏன் ஆட்டினாள் என்று.

கப்பல் வந்த அன்று தலைக்குளித்து, ஈரப் புடவையோடு மேடைக்கு வந்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சிவஞானம் குடத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டு வந்து இறக்கினார். முதல் கை தாயில்லாப் பிள்ளைக்கு என்று பன்னீர்செல்வம் சந்திரமதியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பிள்ளை இரண்டு கையையும் குவித்துக்கொண்டு தயாராக நின்றது.

அந்தக் கையைப் பார்த்ததும் ருக்குவுக்குச் செல்லம் வாங்கின இரண்டு கை ஞாபகம் வந்தது.

"மேஸ்திரி, ஒரு கொதி கொதிக்க வச்சிரலாமே" என்றாள்.

"காவேரியையா? பெத்தவள அடுப்புல வைப்பியா நீ?"

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். அவன் பிள்ளையை இன்னும் ஓர் அடி முன்னால் நகர்த்தினான். யாரோ ஒருத்தி, "இன்னும் மஞ்சத்தண்ணியே ஊத்தல, அதுக்குள்ள நாட்டாமையப் பாரு" என்றாள். கூட்டம் சிரித்தது.

ஓர் அகப்பை மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தால் அவள் மறுபடி மனுஷி. அது விழுந்த பிறகு அவள் கைக்கு ஒரு சக்தியும் இல்லை. ருக்குவுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. முன்னால் போனாள். குடத்துக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.

"தொட்டுட்டேன். தொட்டவ கை வெஷம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப யாரு குடிக்கிறீங்க, குடிங்க."

அடி விழுந்தது. யார் அடித்தது என்று அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. குடத்தைக் கொண்டுபோய்க் கடலில் கவிழ்த்தார்கள்.

அந்த வருஷம் வரிசையில் யாரும் சாகவில்லை. அந்தக் குடத்தில் நோய் இருந்ததா, இல்லையா? யாருக்கும் தெரியாது. ருக்குவுக்கும் தெரியாது. "நல்ல தண்ணியக் கெடுத்தா பாவி" என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை.

பதில் இல்லாவிட்டால் என்ன? அடுத்த ஆடியும் போய் நின்றாள். தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, கப்பல் வந்த நாளெல்லாம் ஜெட்டியில் நின்றாள். துணிக்குள் ஒளித்தார்கள், வேறு படகில் அனுப்பிப் பார்த்தார்கள், எப்படியோ மோப்பம் பிடித்து வந்து ஒரு விரலை வைத்துவிடுவாள். ஒரு விரல் போதும், அவ்வளவு தண்ணீரும் கடலுக்கு. திட்டு வாங்கிக்கொண்டு கருவாடு காயப் போடப் போய்விடுவாள். போகப் போக, கொண்டு வருகிறவர்களே குறைந்துபோனார்கள். சிவஞானம் மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அதன் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

சந்திரமதி பெரியவளாகிச் சிப்பிகாட் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டாள். அவள் முதல் பிள்ளையைச் சுமந்தபோது மாமியார் மெயின்லாண்ட் போய்ப் பெருக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். பிறந்த வீட்டு மேடையில் வைத்துக் குடிக்கட்டும் என்று படகில் பாம்பூபிளாட்டுக்கே அழைத்து வந்தாள். சொம்பு சந்திரமதி கையில். ருக்கு வழக்கம்போல் கோணியோடு நின்றாள். அதற்குள் கண் மங்கிவிட்டது. யார் கையில் சொம்பு என்று சட்டென்று பிடிபடவில்லை.

படியேறி வந்த சந்திரமதி, வழி அகலமாகக் கிடந்தும், நேரே ருக்குவின் பக்கம் ஒதுங்கினாள். சொம்பு இருந்த இடுப்பை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பினாள். குனிந்து, காதுக்கு மட்டும் கேட்க, "சீக்கிரம், பெரீம்மா" என்றாள்.

ருக்கு விரலை வைத்தாள்.

"ஐயையோ! தொட்டுட்டாளே, இந்தக் கெழவி தொட்டுட்டாளே!" என்று ஜெட்டி அதிரக் கத்தினாள் சந்திரமதி. மாமியார் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். சொம்பை வாங்கிக் கடலில் கொட்டிவிட்டு, மருமகளை இழுத்துக்கொண்டு போனாள். சந்திரமதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது.

ருக்கு வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினாள். தனக்கு வேண்டிய தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, தனியாகக் குடித்தாள்.